ஆறிய வயிறும் அப்பாவின் ரொட்டியும்

கிலோர்னா, மேயோ மாவட்டம்
மே மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள மகள் ஓர்லாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ட்ரெவரும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவைக் கையில் எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதினால் பாதி பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துபோவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். மழை விட்டபாடில்லை, மேல் வயலில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் சேறு, இந்த லட்சணத்தில் முதல் புல் அறுப்பு எப்போது நடக்கும் என்று தெரியவில்லை. வெள்ளை நெற்றிப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நல்ல துடியான கன்று. பக்கத்து வீட்டு அசம்ப்டாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது அவளுக்குத் தெரியாத விஷயம் ஊரில் எதுவும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன், தேநீர் போட மறந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன், திரும்பி வந்தால் ஆறிப்போயிருக்கிறது, மறுபடியும் கொதிக்க வைக்கிறேன். இப்படியே பொழுது போகிறது.

வெள்ளிக்கிழமைதான் போனில் எல்லாம் சொன்னாளே, இன்னும் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். சொன்னேன்தான். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்றாய். உன் சரிம்மா எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போகும்போது மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போ என்றால் சொல்வாயே, அதே சரிம்மாதான். கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கும், நீ தொப்பலாக நனைந்து வருவாய். போனை வைப்பதற்கு முன்னால் நீ சொன்னதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது. "அப்பா வயசானவரும்மா, அவர் குடல் வேற, என் குடல் வேற. எனக்கு இங்க டாக்டரே படத்தைக் காட்டி முழுசா ஆறிடுச்சுன்னு சொல்லிட்டார். இப்பதான் தினம் காலையில ஒரு துண்டு டோஸ்ட் சாப்பிடறேனே, ஒண்ணும் ஆகலையே" என்றாய். ஒண்ணும் ஆகலையே. இந்தத் தவக்காலம் பூராவும் ஈஸ்டருக்குப் பிறகும் இந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. அதனால்தான் நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் முடியாது.

பிப்ரவரி கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் துளி கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு அந்த இளம் டாக்டர், "குடல் அழகா ஆறியிருக்கு, இப்ப சாப்பிடற மாதிரியே சாப்பிட்டுட்டு இருங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காதாலும் கேட்டேன். அப்பாவும் கேட்டார். ஆனால் அவருக்கு அதில் "ஆறியிருக்கு" மட்டும்தான் வேண்டியிருந்தது, மிச்சத்தை டாக்டரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டார். கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, ஆரம்பித்தார். "கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போடறாங்க. எலும்பு கூடினா என்ன பண்றாங்க? கட்டைப் பிரிக்கறாங்களா இல்லையா? பத்து வருஷமா என் வாய்க்குக் கட்டுப் போட்டு வெச்சிருக்கே. கூடிடுச்சு. பிரிடீ." உங்க வாய்க்குக் கட்டுப் போட இன்னும் எவளும் பொறக்கலை என்றேன். சிரித்தார். சிரித்த சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் முடிவு பண்ணிவிட்டார் என்று.

அவர் அப்படி நினைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அதை உன்னிடம் அவர் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார், நான் மீதியையும் சொல்கிறேன். அப்பாவுக்குக் கைக்குழந்தையிலேயே, ரொட்டி தின்றால் குடலை அரிக்கிற இந்தச் சீலியாக் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வயிறு பானை மாதிரியும் கை கால் குச்சி மாதிரியும் இருந்தாராம். கோதுமை, பார்லி எதுவும் காட்டாமல் வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதில் அந்தக் காலத்து டாக்டர் அவரைத் தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டு, "பையன் வளர்ந்துட்டான், நோயும் போயிடுச்சு" என்று தன் வீட்டுச் சமையலறையிலிருந்து வெண்ணெய் தடவிய ரொட்டி கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே கொடுத்தாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வளர்ந்தால் இது போய்விடும் என்றுதான் அப்போது எல்லா டாக்டர்களும் நம்பினார்கள். அந்த ரொட்டியின் ருசியை அப்பா இன்றைக்கும் வர்ணிப்பார். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டாரே, அந்த நாற்பது வருஷமும் மத்தியானம் ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார், மாப்பிள்ளைக்குச் சோம்பேறித்தனம் என்று என் அண்ணன்கள் கேலி பண்ணுவார்கள், அதை மட்டும் வர்ணிக்க மாட்டார். கன்றுக்குத் தீனி வாளியைத் தூக்கும்போது இடுப்பெலும்பு உடைந்ததே, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். ஏன் இந்த வயதில் எலும்பு இப்படிச் சுண்ணாம்பாக உதிர்கிறது என்று தோண்டிப் பார்த்ததில்தான் நோய் எங்கேயும் போகவில்லை, சத்தமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தது. ஒரு தடவை குணமாகிவிட்டது என்று சொன்னதை நம்பி ஏமாந்த மனுஷன் இரண்டாம் தடவை நம்ப மாட்டார் என்றுதானே நீயும் நானும் நினைப்போம். அவர் கணக்கு வேறு. அன்றைக்கு டாக்டர் கையால் தட்டிப் பார்த்துச் சொன்னார், இன்றைக்குப் படமே எடுத்துச் சொல்கிறார்களே என்றார்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், நற்கருணை வாங்க, அதுவும் கோதுமை அப்பம்தானே, ஊரே நடுவில் வரிசையாகப் போகும், கோதுமையில் இருக்கிற குளூட்டன் ஆகாதவர்கள் மட்டும் இடது ஓரமாகப் போய், கொன்லத் ஃபாதர் தனிச் சிமிழில் வைத்திருக்கிற அவர்களுக்கான அப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம், யார் யார் என்று ஊருக்கே தெரியும். நான் எழுந்து நின்றேன். அப்பா வழக்கம்போல் இடது பக்கம் திரும்புவார் என்று நான் வழிவிட்டு ஒதுங்கினால், மனுஷன் எனக்கு முன்னால் நடு வரிசையில் போய் நிற்கிறார். எனக்கு முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது, கோயிலுக்குள் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? ஃபாதர் அப்பத்தை எடுத்த கையோடு ஒரு கணம் தயங்கினார். அப்பா நீட்டிய கையை மடக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடத்துக்குத் திரும்பினார். பூசை முடிந்து வெளியே வருவதற்குள் அசம்ப்டா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "நான் சொல்லலை? பிப்ரவரியில புனித பிரிஜித் அம்மாவோட புண்ணியக் கிணத்தைச் சுத்தி வந்தாரே உன் வீட்டுக்காரர் மலக்கி, அதான்! இடுப்புக்குன்னு வேண்டினாரு, அந்தத் தாய் வயித்தையே ஆத்திட்டா பாரு!" என்றாள். இடுப்புக்கு வேண்டினால் வயிற்றுக்குப் போகிறதென்றால் உன் தாய்க்கு விலாசம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அந்த வாரமே ஊர் முழுக்க மலக்கிக்குக் கிணற்றில் குணம் கிடைத்துவிட்டது என்று பேச்சாகிவிட்டது, அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

ஊரெல்லாம் தவக்காலத்துக்கு எதையாவது விட்டால் உன் அப்பா எதையாவது பிடித்துக்கொண்டார். என் கையால் சோடா ரொட்டி சுட்டுத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் கடையில் வாங்கினார், போதாதென்று தானே மாவைக் கொட்டி, மோரை ஊற்றி, சமையலறை முழுக்க வெள்ளையடித்து ஒன்று சுட்டார். அதை வைத்துக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். ஆனாலும் உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்த முதல் நாள், வெண்ணெய் தடவக்கூடப் பொறுமையில்லாமல் நின்றுகொண்டே ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே இருந்தார், கண் கலங்கிவிட்டது. நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டேன். பத்து வருஷமாகச் சாவு வீட்டில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் தேநீருமாகச் செத்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கோட்டுப் பையிலிருந்து அந்த அரிசித் தட்டையை எடுத்து, சத்தம் கேட்காமல் கடிக்கப் பார்ப்பார், அது நொறுங்குகிற சத்தத்தில் அறையே திரும்பிப் பார்க்கும். அந்த மனுஷனுக்கு ஒரு வாய் ரொட்டி கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான் இருந்தது. அவர் சொல்வது மட்டும் உண்மையாக இருந்துவிட்டால் உனக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்தேன். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

அப்புறம்தான் என் அவஸ்தை ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு தடவை நாற்காலியிலிருந்து எழும்போதும் முகத்தைப் பார்ப்பேன். வயிற்றைப் பிடிக்கிறாரா, கழிப்பறைக்கு ஓடுகிறாரா, மத்தியானம் சுவரில் சாய்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒன்றும் இல்லை. ஈஸ்டர் வந்தது, ஆட்டுக்கறியும் ரொட்டியுமாகச் சாப்பிட்டார், கடைத்தெருவில் போய்க் கறுப்பு பீர் ஒரு கோப்பை குடித்தார், ஒன்றும் இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகலையே" என்பார். நாளாக ஆக எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது, ஏனென்றால் அவருக்கு ஏதாவது வரட்டும் என்று நான் காத்திருந்தேன். கட்டின புருஷனுக்கு வயிற்றுவலி வரவில்லையே என்று வருத்தப்படுகிற பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நிலைமையில்தான் நீ போன் பண்ணினாய். மூன்றாம் தடவையாக உண்டாகியிருக்கிறாய் என்று கேட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வார்த்தையாகவே "வாய்க்கு ரொட்டியாவே கேக்குதும்மா, வேற எதையும் வாயில வெக்க முடியலை, கிறிஸ்துமஸ் சமயத்துல எனக்கும் குழாய் விட்டுப் பாத்தப்போ முழுசா ஆறிடுச்சுன்னுதான் சொன்னாங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனை வாங்கிவிட்டார். "சாப்பிடு கண்ணு! ஆசைப்பட்டதைச் சாப்பிடு! நான் ரெண்டு மாசமா சாப்பிடறேன், குதிரை மாதிரி இருக்கேன். ஆறினது ஆறினதுதான்" என்றார். நீ அங்கே சிரித்தது எனக்குக் கேட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்தாய்! அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. போன் கைக்குத் திரும்பி வந்தபோது மாப்பிள்ளையை விசாரித்தேன், அங்கே வெயிலா என்று கேட்டேன், வைத்துவிட்டேன்.

அந்த வாரமே மேவ் வந்தாள், பாலம் தாண்டி இருக்கிற வீடு, அவள் பெண் ரோஷீனுக்கும் சீலியாக், ஏழு வயசு, இந்த மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற குழந்தைகளில் ஒருத்தி. வாசலில் நின்று இழுத்தாள். "மலக்கி, நீங்க நடு வரிசைக்குப் போனதுல இருந்து எங்க வீட்ல ஒரே அழுகை. நான் மட்டும் ஏன் ஓரமாப் போகணும், எல்லாப் பிள்ளைங்களோடயும் போகக் கூடாதான்னு கேக்கறா. அவளுக்கும் போன தடவை ஆறியிருக்குன்னுதான் சொன்னாங்க. நீங்கதான் சாப்பிடறீங்களே, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவளையும் விட்டுடலாமா? கேக்கும் எல்லாரும் வெட்டறதே வெட்டிடலாமா?" என்றாள். அப்பா வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஆரம்பித்தார். "அட, எனக்கு ஒண்ணும் ஆகலையே..." என்றார். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டார். குழந்தை அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் சொன்னால் கேக்கு உண்டு என்று அதற்குத் தெரியும். அப்பா காதைச் சொறிந்தார், என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார். "கொஞ்சம் பொறு மேவ். என் வயித்தை நம்பி நான் சாப்பிடலாம். என் வயித்தை நம்பி உன் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்ல முடியுமா? நான் முதல்ல ரத்தத்தைக் குடுத்துப் பாத்துட்டு வரேன்." நான் கெஞ்சியும் போகாதவர் அந்தக் குழந்தைக்காக மறுநாளே ஊர் டாக்டரம்மாவிடம் போனார். உன்னிடம் சாப்பிடு என்று சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை எங்களை நேரில் வரச் சொல்லி முடிவைச் சொன்னார்கள். ரத்தத்தில் இந்த நோயைக் காட்டுகிற அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறிக்கிடக்கிறது, நோய் மறுபடியும் குடலை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா நம்பவில்லை. "எங்கேயும் வலிக்கலையே டாக்டர்" என்றார். "வலிக்காதது உங்க நல்ல நேரம் இல்ல மலக்கி, கெட்ட நேரம். வலிச்சிருந்தா முதல் வாரமே விட்டிருப்பீங்க" என்றார் டாக்டரம்மா. நீ அந்த முதல் போனில் சொன்னாயே, சில பேருக்குக் குடல் ஆறிய பிறகு ரொட்டி திரும்ப ஒத்துக்கொள்கிறதாம் என்று எங்கேயோ படித்ததாக, அதையும் நான் கேட்டுவிட்டேன், கேட்காமல் விடுவேனா? பொய் இல்லையாம். "அங்கங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருக்காங்கதான். அவங்கள்லயும் பல பேருக்கு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துடுது. நீங்க அந்த ஒருத்தரான்னு முன்னாடியே பாத்துச் சொல்ல எங்ககிட்ட ஒரு சோதனையும் கிடையாது. சாப்பிட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், தெரியறப்போ குடல் கெட்டிருக்கும்" என்றார். என் மகள் உண்டாகியிருக்கிறாள், அவளுக்கும் இதேதான், அவளும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்றேன். டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். உடனே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், நான் போனபோது கார் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை புதுநன்மை. பக்கத்துப் பங்குக் கோயிலுக்குப் போய்விடுகிறேன், இந்த ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று காலையில் முரண்டு பிடித்தார். மேவிடம் மட்டும் அவரே முன்பே போய், "எனக்கு ஆறலை மேவ், கேக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைசியில் என்ன நினைத்தாரோ, டையைக் கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினார். கோயிலில் குழந்தைகள் எல்லாம் வெள்ளை உடுப்பில் நடுவில் போக, ரோஷீன் மட்டும் இடது ஓரத்தில் தனியாக நின்றது, உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்தார். எல்லாக் கண்ணும் அவர் மேல்தான். "அய்யோ, கிணத்துத் தண்ணி கைவிட்டுடுச்சா?" என்று அசம்ப்டா கிசுகிசுத்தது பீடம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் நேராக இடது ஓரம் போய் அந்தக் குழந்தைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அது திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்றதாம். "வந்துட்டேன்" என்றாராம். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, இதை அவரிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்ததும் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போனவர் நீ வைத்த பிறகும் வரவில்லை. ஊர் முழுக்க நிற்கிற கோயிலில் நடந்து போக முடிந்தது, உன் குரலைக் கேட்க முடியவில்லை. "அப்பா எங்கம்மா?" என்று நீ கேட்டபோது கன்றுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கு ஒரு கேடும் இல்லை, நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் குடல் ஆறியிருக்கிறது என்று உன் டாக்டர் சொன்னது நிஜம், நான் நம்புகிறேன். எதனால் ஆறியது? நீ நாலு வருஷமாகத் தொடாமல் இருந்ததால் ஆறியது. கோழியைப் பிடிக்கிற நாயைக் கட்டிப் போட்டால் கோழிகள் பெருகும். கோழி பெருகிவிட்டது, நாய் திருந்திவிட்டது என்று யாராவது கட்டை அவிழ்ப்பார்களா? அப்பாவுக்கு இரண்டு தடவை அவிழ்த்தாயிற்று, இரண்டு தடவையும் சத்தமே இல்லாமல்தான் தின்றது. அவர் வயசானவர், உடைந்தால் அவருடைய இடுப்பு உடையும், வீட்டில் நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன். உனக்கு அப்படி இல்லை. முன்பு போன இரண்டும் இந்த மூன்றாம் மாதத்தில்தான் போயின. முதலாவது போனபோது கடவுள் சித்தம் என்று சொன்னேன், இரண்டாவது போனபோது எதுவும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உனக்கும் இந்த நோய் இருப்பது தெரிந்தது, அதனாலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அங்கே டாக்டர் சொன்னதாக எழுதினாய். அந்த "இருக்கலாம்" எனக்குப் போதும் மகளே. கடவுள் சித்தம் என்றால் முழங்காலில் நின்று அழலாம். ஒரு துண்டு ரொட்டியால் என்றால் நான் யாரிடம் போய் அழுவேன்? நீ உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாய், ஓடி வந்து உன் தலையைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வாய்க்கு ரொட்டி கேட்கிறது, தெரிகிறது, நானும் உன்னைச் சுமந்தபோது நிலக்கரித் துண்டை முகர்ந்துகொண்டே இருந்தேன், தின்னவில்லை. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, உருளைக்கிழங்கு மாவே சேர்த்து, வெண்ணெயைத் தாராளமாக விட்டுச் சட்டியில் சுட்டுச் சாப்பிடு, ஓரம் மொறுமொறுவென்று வரும், ரொட்டி ஞாபகம் கொஞ்சம் அடங்கும். மாப்பிள்ளை ரொட்டி வாட்டுகிற டோஸ்டரில் உன்னுடையதை வைக்காதே, வெண்ணெய்க் கத்தியையும் தனியாக வை, அவரிடம் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் இத்தனை நாள் சாப்பிட்டதை மறைக்காமல் சொல், ரத்தம் எடுக்கச் சொல், இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. நின்றுகொண்டே வேலை செய்யாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, அப்பாவைக் கூப்பிடு என்று சொல். கொட்டகையில் இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்து வருகிறேன். விட்டுவிட்டேன் என்றால் விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல், விடவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல், ஆனால் அந்தச் சரிம்மாவை மட்டும் எங்கள் இருவரிடமும் சொல்லாதே.

தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து எழ வேண்டும் என்று நானும் அப்பாவும் ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அன்னை மரியாள் உன் வயிற்றின்மேல் கை வைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். உறையை ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போகிறேன், அப்பாவும் ஒரு வரி எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் நானே ஒட்டிப் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
அட்ராக்டா

ஓர்லா, அந்த ரொட்டியை உன் கையில் கொடுத்தது நான்தான். நானே திருப்பிக் கேட்கிறேன். கொடுத்துவிடு, கண்ணு.
அப்பா